பத்துச் சுளை என்று போட்ட சீட்டு

நான் வேலை பார்க்கும் கிடங்கில் பழங்கள் தூங்குகின்றன. இப்படி எழுதினால் எங்கள் மேலாளர் அடித்துவிட்டு "பழங்கள் சேமிக்கப்படுகின்றன" என்று திருத்துவார். திருத்தட்டும். நாலாம் அறைக் கதவைத் திறந்து, ஒற்றை மஞ்சள் விளக்கின் கீழே, ஒன்றையொன்று இடிக்காமல் தட்டுத் தட்டாகப் படுத்திருக்கும் அந்தச் சின்னக் கமலா ஆரஞ்சுகளைப் பார்த்துவிட்டு உரத்துப் பேசிய ஆளை நான் இதுவரை கண்டதில்லை. ஊரே கேட்கப் பேசும் லாரி ஓட்டுநர்கூட அங்கே வந்தால் கிசுகிசுப்பார்.

இந்த ரகத்துக்குக் காகிதத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் போட்ட பெயர் உண்டு. நாங்கள் தாமதக்காரி என்போம். மற்ற கமலாவெல்லாம் பறித்து, விற்று, தின்று, தோலும் குப்பைக்குப் போன பிறகுதான் இவள் பழுப்பாள். பறித்த அன்றே தின்றால் பல் கூசி, காது வரை இழுக்கும். ஒரு வாரம் காற்றாட வைத்து, தோல் லேசாகத் தளர்ந்ததும் குளிரறையில் இரண்டு மாதம் கிடத்தினால் சொல்லி வைத்தாற்போல் இனிப்பாகிவிடுவாள். "சர்க்கரை கூடறதில்லம்மா. புளிப்பு தானா விலகிக்குது" என்பார் எங்கள் ஆய்வுக்கூடத்து அளவுக்காரர். மனிதர்களுக்கும் அப்படி ஓர் அறை இருந்தால் நான் எப்போதோ போய்ப் படுத்திருப்பேன்.

அறை வாசலில் ஒரு முக்காலி போட்டு நகக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிறவர்கள் பத்து விரலையும் அவரிடம் நீட்ட வேண்டும். நகம் ஓர் இழை வளர்ந்திருந்தாலும் நகவெட்டியை எடுத்து நறுக்கிவிட்டுத்தான் அனுப்புவார். "நகம் பட்ட பழம் நாலு நாள், அந்தப் பழம் பட்ட தட்டு எட்டு நாள்" என்பது அவருடைய சொந்தப் பழமொழி. கல்யாணமாகி முதல் நாள் வேலைக்கு வந்த பெண்ணின் சாயம் பூசிய நகங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெண் அழுதாள், இவர் வெட்டினார்.

என் அறை நாலாம் அறைக்கு நேர் மேலே. பலகைத் தரை. இடுக்குகள் வழியாகக் குளிரும் தோல் எண்ணெயின் வாசனையும் மேலே ஏறிவரும். பெட்டியின்மேல் ஒட்டும் வாசகம், பெட்டிக்குள் போடும் சீட்டு, புகார்க் கடிதங்களுக்குப் பதில் எல்லாம் என் வேலை. எந்தப் புகார் வந்தாலும் மூன்று நாளைக்குள் பதிலும் ஒரு பெட்டி மாற்றுப் பழமும் போக வேண்டும் என்பது கிடங்கின் விதி. விதி போட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் மீறியதும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கீழே இயந்திரம் ஒரே சுருதியில் முனகும்போது, நான் பேனாவோடு கண்ணயர்ந்துவிடுவேன். சோம்பேறி என்று யார் சொன்னாலும் கவலையில்லை. அந்த வேளையில் ஒரே கனவுதான் வரும். நாலாம் அறையில் தட்டுகளுக்கு நடுவே அம்மாவின் தையல் இயந்திரம் இருக்கும். அம்மா தைத்துக்கொண்டிருப்பாள். துணி இல்லை, பழத்தோல். உரித்த தோலை மறுபடியும் பழத்தின்மேல் போர்த்தி, ஓரத்தை மடித்து, தையல் தெரியாமல் தைப்பாள். பக்கத்தில் அக்கா ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். நான் வாசலிலேயே நிற்பேன், விரல்களை நீட்டியபடி. அக்கா மட்டும் என்னை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். விழித்தால் சட்டைக்கை ஈரமாக இருக்கும்.

அக்காவும் நானும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. தப்பு என்னுடையது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் இத்தனை வருடமாக எனக்கு வேண்டியிருந்தது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. அச்சடித்த எதையும் படிக்காமல் விட மாட்டாள். தீப்பெட்டி, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பொட்டலம் கட்டி வந்த பழைய காகிதம், எதுவானாலும் கசக்கியதை நீவி, திருப்பி, மறுபக்கமும் படித்த பிறகுதான் கீழே போடுவாள். பிழை கண்டால் அதோடு நிற்க மாட்டாள், எழுதுவாள். எட்டு வயதில் பிஸ்கெட் கம்பெனிக்கு, "பன்னிரண்டு என்று போட்டிருக்கிறீர்கள், பதினொன்றுதான் இருந்தது" என்று அஞ்சலட்டை போட்டாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டு இரண்டு பாக்கெட் அனுப்பினார்கள். அன்று பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை.

வீட்டில் கமலா வாங்கினால் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி உரித்துச் சுளைகளைப் பங்கு போட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் பங்கில் கள்ளம் வராது. ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சும் சுளை அம்மாவுக்கு. அதைக் கொண்டுபோய்த் தையல் இயந்திரத்தின் பலகையில் வைப்போம். அம்மா தைப்பதை நிறுத்தாமல், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அதே வாயில் சுளையையும் போட்டுக்கொள்வாள். அக்கா எண்ணாமல் ஒரு சுளைகூடத் தின்ன மாட்டாள். ஒன்பது வரும், பத்து வரும், பதினொன்று வரும். பதினொன்று வந்த நாளில் அம்மா பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் சாப்பாட்டுத் தாள் ஒன்று கொடுத்தார்கள். பொட்டாசியம் மிகுந்த பழங்களைக் கொடுக்கக் கூடாது என்று போட்டு, ஆரஞ்சு வகைகளையும் அந்த வரிசையில் சேர்த்திருந்தார்கள். அக்கா வேற்றூரில் இருந்தாள். நாலு மாதம் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைத் தாண்டி ஒரு துளி கொடுக்க மாட்டேன். கண்டிப்பு என்றால் அப்படிக் கண்டிப்பு. மெல்ல முடியவில்லை என்பதால் மதியம் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துக் கொடுப்பேன். "ஒரே ஒரு கமலா குடேன்" என்று அம்மா கேட்பாள். "கேட்டதெல்லாம் குடுக்க இது என்ன கல்யாண வீடா?" என்பேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் நாக்கு கசக்கிறது.

கடைசி வாரம் அக்கா வந்தாள். ஒரு சாயங்காலம் நான் மருந்துக்கடையிலிருந்து திரும்பியபோது அம்மாவின் மூச்சில் கமலா மணத்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, மருத்துவமனைக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில், அம்மா போய்விட்டாள். இதயம் ரொம்ப நாளாகவே களைத்துப்போயிருந்தது, சாப்பாட்டால் வந்ததல்ல என்று மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் ஏறவில்லை. மருத்துவமனை நடைபாதையில், நாலு பேர் பார்க்க, "நீதான் குடுத்துக் கொன்ன" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். காரியங்கள் முடிந்ததும் அம்மாவின் பட்டன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

மூன்று வருடம் கழித்து நான் இந்தக் கிடங்கில் சேர்ந்தேன். ஆரஞ்சு முகத்தில் விழிக்கக் கூடாது என்று இருந்தவளுக்கு வேலை அங்கேதான் கிடைத்தது. முதல் வருடம் ஒருநாள் அளவுக்காரரின் அறைக்கு ஏதோ காகிதம் வாங்கப் போனேன். அவர் மெதுவாகப் பேசும் மனிதர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் நாம் தேநீர் குடித்துவிட்டு வந்து மீதியைக் கேட்கலாம். அன்றைக்குக் குடுவையில் இருந்த பழச்சாற்றில் நீலத் துளிகளை விட்டுக்கொண்டிருந்தார். சாறு ஒவ்வொரு துளியையும் விழுங்கி நிறமில்லாமல் செய்தது. கடைசியில் ஒரு துளியை விழுங்காமல், இளஞ்சிவப்பாக ஒரு சாயல் நின்றது. "இவ்வளவுதான் வைட்டமின் சி" என்று எழுதிக்கொண்டார். பிறகு வேறொரு கருவியில் சாற்றை நீர்த்துச் சுடரில் தெளித்தார். சுடர் வெளிர் ஊதாவாக மாறியது. அத்தனை அழகான நிறத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது என்ன?"

"பொட்டாசியம்."

"ஒரு பழத்துல எவ்வளவு இருக்கும்?"

"இந்தச் சின்னப் பழத்துலயா? நூத்திருபத்தஞ்சு மில்லிகிராம் இருக்கும். ஒண்ணும் பெரிசில்ல. ஒரு உருளைக்கிழங்குல இதைப்போல நாலு மடங்கு இருக்கு."

அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய தாளைத் தேடி எடுத்தேன். சுவரில் ஒட்டிய பசை காய்ந்து மூலைகள் மடங்கியிருந்தன. திருப்பினேன். ஒட்டி வைத்த தாளின் பின்பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பின்பக்கத்தில் காய்கறிகள். முதல் பெயர் உருளைக்கிழங்கு. தவிர்க்கவும், தவிர்க்க முடியாவிட்டால் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிடவும் என்று போட்டிருந்தது. நான் நாலு மாதமும் தோலோடு முழுசாக வேகவைத்துத்தான் மசித்தேன்.

அப்போதுதான் அந்தக் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. அக்கா வந்த மறுநாளே, "நீ உக்காரு, கிழங்க நான் பாத்துக்கறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். பொடிப்பொடியாக நறுக்கி ஊறப்போட்டாள். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினாள். "தண்ணிக் கஷ்டம் தெரியாதவ மாதிரி கொட்டற" என்று அவளைத் திட்டினேன். அவள் கிழங்கை மசிக்க ஆரம்பித்தாள். அவள் மூலை மடங்கிய தாளைத் தூக்கிப் பின்பக்கத்தைப் படித்திருக்கிறாள். அச்சடித்த எதையும் விடாதவள் அதை மட்டுமா விடுவாள்? படித்துவிட்டு, என் மனம் நோகுமே என்று சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறாள். நடைபாதையில் நான் அந்தப் பழி போட்டபோது திருப்பிச் சொல்ல அவளிடம் ஒரு சொல் இருந்தது. உருளைக்கிழங்கு. அதைத்தான் விழுங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொல்லக்கூட யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அவரையும் கடித்துக் குதறியிருப்பேன்.

அதன்பின் ஐந்து வருடமாக அவளுக்கு எழுதினேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் திருப்பிவிடுவாள். தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். ஒரு தடவை நேரிலும் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டியதும் ரேடியோ நின்றது, கதவு திறக்கவில்லை. எங்கள் தாய்மாமாதான் அவ்வப்போது அவளைப் பற்றிச் சொல்வார். போன வருடம் இப்படிச் சொன்னார்: "வருஷா வருஷம் அந்தத் தாமதமா வர்ற கமலா ரெண்டு பெட்டி வாங்கறா. உள்ள கிடக்கிற சீட்டு இருக்கே, அதக்கூட விடாம படிக்கறா. இந்த வயசுலயும் திருந்தல." மாமா சிரித்தார். நான் இங்கே வேலை பார்ப்பதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருடம், பழத்தைச் சேமிக்கும் முறையோடு அதன் சத்துகளையும் சீட்டில் அச்சிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் சுருக்கம். மூச்சுக்கு மூச்சு அந்தச் சொல்லைத்தான் சொல்வார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைக்கூடத் தலைப்பெழுத்தாகச் சுருக்கப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு.

"முன்பக்கம் சேமிக்கற முறை. பின்பக்கம் சத்து. சுருக்கமா எழுதுங்க."

மேலே வந்து உட்கார்ந்தேன். பலகை இடுக்குகளிலிருந்து குளிர் ஏறிக் கணுக்காலைத் தொட்டது. என் கையெழுத்தென்றால் திருப்பி அனுப்புகிறவள், அச்சடித்திருந்தால் படிப்பாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முன்பக்கத்தில் உண்மையாகவே சேமிக்கும் முறையை எழுதினேன். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், பழத்துக்கு மூச்சு முட்டும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கவும். அடிபட்டதை முதலில் உண்ணவும். மூன்று வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பின்பக்கத்தில் வைட்டமின் சி, நார்ச்சத்து, எல்லாம் அளவுக்காரர் கொடுத்தபடி. பொட்டாசியம் வந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினேன்: "சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்ணவும். ஆனால் ஒரு சிறு பழத்தில் உள்ள பொட்டாசியம், ஒரு முழு உருளைக்கிழங்கில் உள்ளதில் நாலில் ஒரு பங்குதான். அன்பினால் ஒரே ஒரு பழம் கொடுத்தவர் எவரும் அதற்காகப் பழி சுமக்க வேண்டியதில்லை."

அவள் படித்தாலும் படித்தது எனக்குத் தெரியாதே? அதற்கும் ஒரு வழி செய்தேன். முன்பக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். "ஒவ்வொரு பழத்திலும் பத்துச் சுளைகள் இருக்கும்."

எந்தப் பழமும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளாத ஒருத்தி இருக்கிறாள் என்பதும் தெரியும்.

மேலாளர் சிவப்புப் பேனாவோடு படித்தார். "உருளைக்கிழங்கு எதுக்குங்க இங்க?"

"மில்லிகிராம்னா யாருக்கும் புரியாது சார். கிழங்குன்னா புரியும்."

முனகினார், விட்டுவிட்டார். ஆனால் அடுத்த வரியில் பேனா இறங்கியது. "அன்பு, பழி... இதென்ன சீட்டா, சினிமாவா?" ஒரே கோடு. நான் ஐந்து வருடமாகச் சுமந்த வாக்கியம் போயிற்று. கெஞ்சலாமா என்று நினைத்தேன். கெஞ்சினால் காரணம் கேட்பார்.

அளவுக்காரர் எண்களைச் சரிபார்த்துவிட்டு, முன்பக்கத்துக்கு வந்து நின்றார். "பத்துச் சுளைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"தப்பாச்சே."

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வந்து, நின்று, சரக்கு ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. "சுளைய நான் அளக்கறதில்லம்மா. என் நோட்டுல அதுக்குக் கட்டம் இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாயிரம் சீட்டுகள் அச்சாகி வந்தன. தாமதக்காரி நாலாம் அறையிலிருந்து எழுந்தாள். குளிரிலிருந்து ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுவந்தால் தோல் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அறையின் குளிரை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து எழுப்புவார்கள். அந்த நாட்களில் கட்டடம் முழுக்க ஓர் இளஞ்சூடு பரவும். படிக்கட்டில், மேசை இழுப்பறையில், என் தலைமுடியில் எல்லாம் அதே வாசனை. வீட்டுக்கு நடந்து போகும்போது தெருவே தோல் உரித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். எதைச் செய்தாலும் பாதி விழிப்பில்தான் செய்தேன். பெட்டிகள் போயின. நான் காத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் முதல் கடிதம் வந்தது. "எங்கள் பழத்தில் பதினொரு சுளை இருந்தது. இது வேறு ரகமா?" எழுத்து அவளுடையது இல்லை. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஏழு. ஒரு கணித ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எண்ணி அட்டவணையே அனுப்பியிருந்தார். ஒரு பெண்மணி, ஒன்பதுதான் இருந்தது, பத்தாவதைக் கிடங்கில் யார் தின்றது என்று கேட்டிருந்தார். உலகத்தில் இத்தனை பேர் சுளையை எண்ணிக்கொண்டா தின்கிறார்கள்! அக்கா ஒருத்திதான் இப்படி என்று முப்பது வருடமாக அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

விதிப்படி ஒவ்வொருவருக்கும் பதில், ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. நாற்பத்துமூன்று பெட்டிகள் போன பிறகு மேலாளர் தாமே படியேறி வந்தார். அவர் படியேறினால் நல்லதுக்கில்லை.

"இனிமே புகார்க் கடிதம் எல்லாம் நான்தான் பிரிப்பேன். இன்னும் ஒரு சுளைக் கடிதம் வந்தா நீங்க இந்த அறையக் காலி பண்ணிட்டுக் கீழ தட்டுத் துடைக்கப் போகணும். சுருக்கமா சொல்லிட்டேன்."

கீழே போவது எனக்குப் பெரிதில்லை. அவள் கடிதம் இவர் கையில் போய் விழுமே என்பதுதான் பயம். விழுந்தால் எனக்குக் காட்டுவாரா? வராமலே போனால்? அந்தப் பத்து நாளில் நகத்தையெல்லாம் கடித்துத் துப்பினேன். கனவிலும் மாற்றம் வந்தது. அம்மா தையலை நிறுத்திவிட்டு அக்காவின் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாள். இயந்திரத்தின் முனகலில் அது என் காதில் விழவில்லை.

நாற்பத்துநாலாவது கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்தது. மேலாளர் எங்களையெல்லாம் பொதி கட்டும் கூடத்துக்கு வரச் சொன்னார். அளவுக்காரர், நகக்கார அம்மா, நான். உறை பிரிந்திருந்தது. அதன்மேல் இருந்த எழுத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். எட்டு வயதில் பிஸ்கெட் கம்பெனிக்கு எழுதியபோதும் "க" வின் வால் அப்படித்தான் இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"கேளுங்க எல்லாரும். ஒரு தப்பால என்ன ஆகுதுன்னு கேளுங்க" என்று மேலாளர், சரக்குப் பட்டியல் படிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"சீட்டு எழுதுபவருக்கு. உங்கள் பழம் இரண்டு பெட்டி வாங்கினேன். சீட்டை இரண்டு பக்கமும் படித்தேன். ஒவ்வொரு பழத்திலும் பத்துச் சுளை என்பது தவறு. நான் உரித்த பன்னிரண்டில் ஐந்தில்தான் பத்து. ஆறில் பதினொன்று. ஒன்றில் ஒன்பது. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல."

"பாத்தீங்களா?" என்றார் மேலாளர். தொடர்ந்தார்.

"பின்பக்கத்தில் உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. கமலாச் சீட்டில் கிழங்குக்கு வேலையில்லை. தெரியாமல் கொடுத்தவர்களை அது வருத்தும். எனக்கு அதில் எந்தக் குறையும் என்றுமே இருந்ததில்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடவும்."

"நான் அப்பவே சொன்னேன், கிழங்கு வேண்டாம்னு" என்றார் மேலாளர். நான் கண்களை மூடிக்கொண்டேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"மூன்று வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒன்பது வருடமாக அரைப் பழம் இருக்கிறது." அவர் நிமிர்ந்தார். "யாருங்க இது, பைத்தியமா?"

மறுபடி குனிந்தார்.

"எனக்குத் தெரிந்த ஒரு நோயாளி ஆசைப்பட்டுக் கேட்டதால் உரித்துக் கொடுத்தேன். பதினொரு சுளை இருந்தது. ஐந்து சாப்பிட்டார். மீதி ஆறும் சின்னவளுக்கு வை என்றார். ஒற்றைச் சுளை உனக்குத்தானே அம்மா என்றேன்."

மேலாளரின் குரல் அந்த இடத்தில் இடறியது. அதற்குப் பிறகு அவர் சரக்குப் பட்டியல் போலப் படிக்கவில்லை.

"இந்த ஒரு தடவை அதையும் அவளுக்கே சேர்த்துக் கொடு, பாவம், நாலு மாதமாகத் தின்னாமல் தூங்காமல் அலைகிறாள் என்றார். கொடுக்க எடுத்து வந்தபோது சண்டை வந்தது. பிறகு கொடுக்க நேரம் வாய்க்கவில்லை. பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். காய்ந்து பட்டன் போலவே ஆகிவிட்டன. தின்ன முடியாது. மூடியைத் திறந்தால் வாசனை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சீட்டு எழுதுபவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். மதியம் வீட்டில்தான் இருப்பேன்."

கூடத்தில் பொதி கட்டும் பெண்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். மேலாளர் கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தார். சிவப்புப் பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"தெரிஞ்சவங்களா?"

"எங்கக்கா சார்."

அவர் சுருக்கமாகவும் ஒன்றும் சொல்லவில்லை, விரிவாகவும் சொல்லவில்லை. அளவுக்காரர் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "விதிப்படி மூணு நாளுக்குள்ள பதில் போகணும். ஒரு பெட்டியும்."

"நானே கொண்டுபோறேன் சார்."

"போய்ட்டு வாங்க. கிளம்பறதுன்னா இன்னைக்கே கிளம்புங்க."

நாலாம் அறை வாசலில் விரல்களை நீட்டினேன். நகக்கார அம்மா என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் இருந்த வெட்டிக்கு வேலையே இல்லை. "வெட்ட என்ன மிச்சம் வச்சிருக்க? போ, உள்ள போ" என்று என் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

உள்ளே கடைசித் தட்டுகள்தான் இருந்தன. மஞ்சள் விளக்கு. ஒவ்வொன்றாக எடுத்து, காம்பு பார்த்து, கன்னம் பார்த்து, பெட்டியில் வைத்தேன். அழுதுகொண்டேதான் வைத்தேன், ஒரு சொட்டும் பழத்தின்மேல் படாமல். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளுக்கு நடுவே தையல் இயந்திரம் இல்லை, அம்மா இல்லை, கதவுக்கு வெளியே நகக்கார அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் இருந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன் மேலே ஒரு சீட்டை வைத்தேன். மறுபடி எடுத்தேன். பின்பக்கத்தில் கிழங்கு வரியை அடித்தேன். முன்பக்கத்தில் பத்து என்பதை அடித்துவிட்டு, பதினொன்றும் வரும் என்று எழுதினேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. தப்பு என்னுடையது என்று எழுதினேன். மேலாளர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார், அத்தனை சுருக்கம்.